சாமுவேல் என்ற பெயரின் பொருள்: அன்னாள் கேட்டதும், கேட்கப்பட்டதும்

ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. அவருடைய மகளுக்குப் பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. சாமுவேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நான அழைப்பிதழில் பெயருக்குக் கீழே அதன் பொருளையும் அச்சிட அவருக்கு ஆசை. ஆனால் தேடிய இடமெல்லாம் வேறு வேறு பொருள். ஒரு பெயர்ப் புத்தகத்தில் 'தேவன் கேட்டார்' என்றிருக்கிறது, இன்னொன்றில் 'தேவனிடத்தில் கேட்கப்பட்டவன்', மூன்றாவதில் 'தேவனுடைய நாமம்'. போதாததற்கு, சாமுவேலின் தாய் அன்னாள் சொன்ன விளக்கம் உண்மையில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பெயருக்குத்தான் பொருந்தும், வேதத்தில் பெயர் மாறிப்போயிருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டாராம். 'எதை அச்சிடுவது? வேதத்தில் தவறா?' என்று மனம் கலங்கிக் கேட்டிருக்கிறார்.

முதலில் கலக்கம் தீர ஒரு வார்த்தை. பெயர் மாறவில்லை. சவுலின் பெயர் அன்னாளின் வாயில் ஒலிப்பது உண்மை, ஆனால் அது எழுதியவர் தெரிந்தே வைத்த ஒலி. பெயரை இலக்கணப்படி மட்டும் பிரித்தால் 'தேவனுடைய நாமம்' என்பதற்கே பலம் அதிகம். ஆனால் வேதம் இந்தப் பெயரை இலக்கணப்படி மட்டும் பயன்படுத்தவில்லை. உங்களைக் குழப்பிய மூன்று பொருள்களையும் வேதமே வெவ்வேறு இடங்களில் தொட்டுக் காட்டுகிறது. எங்கே, எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் எபிரெயத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது. 'கேள்' என்ற ஒரே வினைச்சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். கடன் கேட்டேன், வழி கேட்டேன் என்றால் வாயின் வேலை. பாட்டுக் கேட்டேன், சத்தம் கேட்டது என்றால் காதின் வேலை. 'கேள்வி' என்றால் இன்று வினா. திருக்குறளின் 42ஆம் அதிகாரத் தலைப்பான 'கேள்வி'யோ காதால் கேட்டுக் கற்பதைப் பற்றியது. எபிரெயத்தில் இவை சம்பந்தமே இல்லாத இரண்டு வினைகள். வாயால் கேட்பது 'ஷாஅல்'. காதால் கேட்பது 'ஷாமஅ'. ஆகவே தமிழில் 'சாமுவேல் என்றால் கேட்கப்பட்டவன்' என்று எழுதியிருந்தால், தேவனிடம் விரும்பிக் கேட்டு வாங்கிய பிள்ளை என்கிறார்களா, தேவனுடைய காதில் விழுந்த ஜெபம் என்கிறார்களா என்றே சொல்ல முடியாது. உங்கள் பெயர்ப் புத்தகங்களில் முதலிரண்டும் ஒரே பொருள் போலத் தோன்றினாலும், அவை இரண்டு வேறு வேர்கள்.

இப்போது வசனத்துக்கு வருவோம். 1 சாமுவேல் 1:20-ல் அன்னாள் ஒரு குமாரனைப் பெற்று, 'கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்' என்று சொல்லி, சாமுவேல் என்று பேரிடுகிறாள். இங்கே எபிரெயத்தில் உள்ளது வாயால் கேட்கிற 'ஷாஅல்'. அவள் சொன்ன சொல் 'ஷெயில்தீவ்', அதாவது 'அவனைக் கேட்டு வாங்கினேன்'.

இந்தச் சொல் 20ஆம் வசனத்தில் மட்டும் வந்து போகவில்லை. 17ஆம் வசனத்தில் ஆசாரியன் ஏலி, நீ கேட்ட விண்ணப்பத்தைத் தேவன் அருளுவாராக என்று ஆசீர்வதிக்கும்போது இரண்டு முறை. 20-ல் ஒன்று. 27-ல் அன்னாள் தான் ஜெபித்த சீலோ ஆலயத்துக்குத் திரும்பிவந்து, நான் கேட்ட விண்ணப்பத்தைக் கர்த்தர் தந்தார் என்று சொல்லும்போது இரண்டு. 28-ல் பிள்ளையை ஒப்படைக்கும்போது இரண்டு. ஒரே அதிகாரத்தில் ஏழு முறை. அடுத்த அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில், ஏலியின் ஆசீர்வாதத்தில், இன்னும் இரண்டு. தமிழில் படிக்கும்போது இந்த ஏழும் நம் காதில் ஏழாக விழுவதில்லை. பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் நம் வேதாகமம் 'விண்ணப்பம்' என்கிறது, வினையாக வரும் இடத்தில் 'கேட்ட' என்கிறது, 28ஆம் வசனத்தில் 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்கிறது. ஒரே வேர் மூன்று தமிழ்ச் சொற்களாகப் பிரிந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் மேல் குறையில்லை. வேறு வழி இல்லை.

அந்த 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எபிரெயத்தில் அது 'கேள்' என்பதன் பிறவினை. நேரடியாகச் சொன்னால், கேட்டவருக்குக் கொடுக்கும்படி செய்வது. யாத்திராகமம் 12:36-ல் எகிப்தியர் இஸ்ரவேலர் கேட்டதைக் கொடுத்தார்கள் என்று வருகிற இடத்திலும் இதே வடிவம்தான். அன்னாள் சொல்வது இதுதான்: நான் கேட்டேன், அவர் கொடுத்தார், இப்போது நான் கொடுக்கிறேன், இனி இவன் கர்த்தருக்கென்று கேட்கப்பட்டவன். வாங்குவதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் அவள் ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறாள். நான் எபிரெயம் படிக்கத் தொடங்கிய காலத்தில் இந்த வசனத்தை எழுத்துக் கூட்டிப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பால் மறந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் சொல்கிற சொல் அது.

அந்த வசனத்தின் கடைசியில்தான் உங்களிடம் ஒருவர் சொன்ன விஷயம் இருக்கிறது. 'கேட்கப்பட்டவன்' என்பதற்கு எபிரெயம் 'ஷாஉல்'. அது எழுத்துக்கு எழுத்து சவுலின் பெயர். சவுலைப் பற்றி ஒரு வார்த்தை கூட வராத அதிகாரத்தில், சாமுவேலின் தாய் 'அவன் ஷாஉல்' என்கிறாள். இதைக் கவனித்த 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சிலர், இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்திருக்க வேண்டும், பிறகு சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்றார்கள். நீங்கள் கேள்விப்பட்டது அந்தக் கருத்தின் எதிரொலி.

எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் சொல்கிறேன்.

வேதத்தில் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களை அகராதி விளக்கம் போலப் படிக்கக் கூடாது. பெயரும் விளக்கமும் ஒலியால் உரசிக்கொண்டால் போதும் என்பதே அன்றைய வழக்கம். யாபேஸின் தாயைப் பாருங்கள் (1 நாளாகமம் 4:9). துக்கத்தோடு பெற்றதால் யாபேஸ் என்று பேரிட்டாள். துக்கம் என்ற எபிரெயச் சொல்லிலும் யாபேஸ் என்ற பெயரிலும் உள்ள வேரெழுத்துகள் ஒன்றுதான், ஆனால் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அகராதிப்படி அது தப்பு. காதுக்கோ அது கச்சிதம். நோவாவின் தகப்பன், 'இவன் நம்மைத் தேற்றுவான்' என்று பெயர் வைக்கிறார் (ஆதியாகமம் 5:29). தேற்றுதல் ஒரு வேர், நோவா என்ற பெயர் இளைப்பாறுதல் என்ற வேறொரு வேர். மோசேக்கு எகிப்திய இளவரசி 'ஜலத்தினின்று எடுத்தேன்' என்று எபிரெயத்தில் விளக்கம் சொல்கிறாள். துத்மோசே, ராமசேஸ் போன்ற எகிப்தியப் பெயர்களில் இருக்கிற 'பிள்ளை' என்ற எகிப்தியச் சொல்தான் மோசேயிலும் இருக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ராகேலோ யோசேப்பின் பெயருக்கு அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் இரண்டு விளக்கம் தருகிறாள் (ஆதியாகமம் 30:23, 24): தேவன் என் நிந்தையை நீக்கினார், கர்த்தர் இன்னொரு குமாரனைக் கூட்டித்தருவார். நீக்குவதும் கூட்டுவதும் எதிரெதிர். இரண்டும் யோசேப்பு என்ற பெயரோடு ஒலியால் சேர்கின்றன. யாரும் இதைத் தவறு என்று சொல்வதில்லை.

அப்படியானால் அன்னாளின் விளக்கத்தில் ஒலி எங்கே சேர்கிறது? எழுத்துகளைப் பார்த்தால் தெரியும். சவுலின் பெயரில் நான்கு எழுத்துகள்: ஷின், அலெஃப், வாவ், லாமெத். சாமுவேலின் பெயரில் ஐந்து: ஷின், மேம், வாவ், அலெஃப், லாமெத். சவுலின் நான்கு எழுத்துகளும் சாமுவேலுக்குள் இருக்கின்றன. கூடுதலாக ஒரு 'ம'. எபிரெயத்தில் 'இடத்திலிருந்து' என்ற வேற்றுமைப் பொருளை ஒரு சொல்லின் முன் ஒட்டும் 'ம' எழுத்துதான் தருகிறது. அன்னாள் சொன்னது வெறும் 'கேட்டேன்' என்பதல்ல, 'கர்த்தரிடத்திலிருந்து கேட்டேன்' என்பது. அந்த 'இடத்திலிருந்து' என்பதில் இந்த 'ம' வந்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தென் பிரான்சின் நார்போன் நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கி, 'ஷாஉல் மேஎல்', அதாவது 'தேவனிடத்திலிருந்து கேட்கப்பட்டவன்' என்பதன் சுருக்கமாகவே இந்தப் பெயரைப் படித்தார். மொழியியல் இன்று அதை ஏற்பதில்லை. பெயர்கள் அப்படிச் சுருங்குவதில்லை. ஆனால் அன்னாளின் வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, இலக்கணப்படி இந்தப் பெயர் என்ன? 'தேவன் கேட்டார்' என்று படிப்பவர்கள் காதால் கேட்கிற 'ஷாமஅ'வை இதில் காண்கிறார்கள். அதற்கு ஒரு தடை இருக்கிறது. அந்த வினையின் கடைசி எழுத்து அயின், தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. சாமுவேலில் அயின் இல்லை. உண்மையில் 'தேவன் கேட்கிறார்' என்ற பொருளில் ஒரு பெயர் வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது இஸ்மவேல். ஆகாரின் அங்கலாய்ப்பைக் கர்த்தர் கேட்டதால் வந்த பெயர் (ஆதியாகமம் 16:11). அதில் அயின் ஒழுங்காக இருக்கிறது. லேயாள் தன் இரண்டாம் மகனுக்கு வைத்த சிமியோன் என்ற பெயரிலும் இருக்கிறது. சாமுவேலில் மட்டும் அது விழுந்துபோனது என்று சொல்ல வலுவான காரணம் இல்லை.

மிஞ்சுவது 'ஷெம்', அதாவது நாமம், 'எல்', அதாவது தேவன். நடுவில் உள்ள 'உ' பழைய செமித்திய மொழிகளின் வேற்றுமை ஈறு என்று விளக்குகிறார்கள். இதே அமைப்பில் வேறு பெயர்களும் உண்டு. யாக்கோபு இரவு முழுவதும் போராடிய இடத்தின் பெயர் பெனூவேல், தேவனுடைய முகம். மோசேயின் மாமனாருக்கு யாத்திராகமம் 2:18 தரும் பெயர் ரெகுவேல், தேவனுடைய சிநேகிதன். இந்த வரிசையில் சாமுவேல் என்றால் தேவனுடைய நாமம். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் விறைப்பாகத் தெரியலாம், ஆனால் அந்த நாட்டுப் பெயர் வழக்கில் இது புதுமை அல்ல. பாபிலோனின் முதல் அரச வம்சத்தில், ஹம்முராபிக்கு முன் வந்த அரசர்களாக, சுமு-அபும், சுமு-லா-எல் என்ற பெயர்கள் வருகின்றன. அந்த 'சுமு' இதே 'நாமம்' என்பதன் உறவுச்சொல் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். அந்த மொழிகளில் நாமம் என்றால் பெயரைத் தாங்கும் வாரிசு என்ற பொருளும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் 'பெயரன்' என்று சொல்கிற நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. அன்னாள் இந்தப் பெயரைப் புதிதாக உண்டாக்கவும் இல்லை. மோசேயின் காலத்தில் கானான் தேசத்தைப் பங்கிட நியமிக்கப்பட்டவர்களில் சிமியோன் கோத்திரத்தார் ஒருவருக்கு எபிரெயத்தில் இதே பெயர் (எண்ணாகமம் 34:20). ஊரில் வழங்கிய பெயர் ஒன்றை எடுத்து, அதில் தன் கதையைக் கேட்டாள் அன்னாள். உங்கள் மகள் செய்ததும் அதுதானே?

இனி 'தேவன் கேட்டார்' என்ற பொருள். இலக்கணம் அதைத் தள்ளினாலும் கதை தள்ளவில்லை. 1:13-ல் அன்னாள் ஜெபிக்கும்போது அவள் உதடுகள் மட்டும் அசைகின்றன, 'அவள் சத்தமோ கேட்கப்படவில்லை'. இங்கே உள்ளது காதால் கேட்கிற 'ஷாமஅ'. ஆசாரியனுக்குக் கேட்கவில்லை, குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். கேட்க வேண்டியவருக்குக் கேட்டது. மூன்றாம் அதிகாரத்தில் சிறுவன் இரவில் தன் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்கிறான். 'சொல்லும், அடியேன் கேட்கிறேன்' என்கிறான். எபிரெயத்தில் அந்த இடத்தில் 'ஷெமூஎல்' என்ற பெயருக்கும் 'ஷோமேஅ', கேட்கிறவன், என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கிற ஒலி நெருக்கம் யாருக்கும் தெரியும். பிறகு அவன் வாழ்நாள் முழுக்க இதுதான் வேலை. எட்டாம் அதிகாரத்தில் கர்த்தர் அவரிடம், ஜனங்கள் சொல்லைக் கேள் என்று மூன்று முறை சொல்கிறார். பதினைந்தாம் அதிகாரத்தில் ஆடுகளின் சத்தமும் மாடுகளின் சத்தமும் தன் காதில் விழுகிறதே என்று சவுலை மடக்குகிறார். பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற புகழ்பெற்ற வாக்கில் 'கீழ்ப்படிதல்' என்று நாம் படிப்பது எபிரெயத்தில் 'கேட்பது' என்ற அதே சொல்தான். பெரியவர் சொல்லைக் கேட்டு நடப்பது என்று நாமும் சொல்கிறோமே, அதே பொருள்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் அபூர்வமான வசதி கிடைக்கிறது. எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் சாமுவேலிடம் 'கேள்' என்பது ஷாமஅ. பத்தாம் வசனத்தில் ராஜா வேண்டும் என்று 'கேட்ட' ஜனங்கள் என்பது ஷாஅல். எபிரெயத்தில் ஒலியால் நெருங்கி நிற்கும் இரண்டு சொற்கள் தமிழில் ஒரே சொல்லாகவே ஆகிவிடுகின்றன. முதல் அதிகாரத்தில் ஒரு வேரை மூன்றாகச் சிதறவிட்ட அதே தமிழ், இங்கே இரண்டு வேர்களை ஒன்றாகக் கட்டித் தருகிறது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-ல் மரித்தார். அடுத்த புத்தகம் இதுதான். அதிலிருந்து தொடர்ந்தவர் பெஞ்சமின் சூல்ட்ஸ். ரூத்தின் கடைசி வரியைத் தாண்டி முதல் அதிகாரத்திலேயே இந்தக் 'கேட்டல்' எல்லாம் அவர் முன் வந்து நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் சவுல். 'ஷாஉல்' என்ற சொல் 1:28-ல் தவறி விழுந்ததல்ல என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம், புத்தகம் அந்தச் சொல்லைக் கடைசிவரை விடவில்லை என்பது. ஜனங்கள் ராஜாவைக் கேட்கிறார்கள் (8:10). சாமுவேல் தன் பிரியாவிடையில், 'நீங்கள் கேட்ட ராஜா இதோ' என்கிறார் (12:13). எபிரெயத்தில் கேட்டால், 'நீங்கள் ஷாஅல் செய்த ஷாஉல் இதோ' என்ற அடி அதில் விழும். ஒரு பெண் கேட்டாள், ஒரு தீர்க்கதரிசி கிடைத்தான். ஒரு ஜனம் கேட்டது, ஓர் அரசன் கிடைத்தான். முதல் கேட்டல் கண்ணீரோடு வந்தது, கிடைத்ததைத் திருப்பியும் கொடுத்தது. இரண்டாவது, சுற்றியுள்ள ஜாதிகளைப் போல எங்களுக்கும் வேண்டும் என்று வந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியவர், வாசகர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்.

இந்தச் சொல் பிறகு சவுலையே சுற்றி வளைக்கிறது. 14:37-ல் பெலிஸ்தரைத் தொடரலாமா என்று சவுல் தேவனிடத்தில் கேட்கிறார். 'கேட்கப்பட்டவன்' என்று பெயர் கொண்டவர் கேட்கிறார், அன்று அவருக்குப் பதில் வரவில்லை. 23ஆம் அதிகாரத்தில் கேகிலா ஊருக்காகத் தாவீது கேட்கிறார், உடனே பதில் வருகிறது. தன் ஊரான சிக்லாக் எரிந்து கிடக்கும்போது கேட்கிறார் (30:8), பதில் வருகிறது. நடுவே 28:6-ல் சவுல் கடைசியாகக் கேட்கிறார். பதில் சொப்பனத்தாலும் இல்லை, ஆசாரியன் தேவசித்தம் அறியும் ஊரீமாலும் இல்லை, தீர்க்கதரிசிகளாலும் இல்லை. அதனால்தான் எந்தோர் என்ற ஊரில், செத்தவர்களை எழுப்பும் அஞ்சனம் பார்க்கிறவளிடம் போகிறார். அங்கே எழும்பி வந்த, ஏற்கெனவே மரித்திருந்த சாமுவேல் சவுலைப் பார்த்துச் சொல்வது: 'என்னிடத்தில் ஏன் கேட்கிறாய்?' (28:16). எபிரெயத்தில் 'லாம்மா திஷ்ஆலேனி'. மறுபடியும் அந்த 'ஷாஅல்'. தன் தாய் ஏழு முறை ஒலிக்கக் கேட்டுப் பெற்ற பிள்ளை, செத்த பிறகு, 'கேட்கப்பட்டவன்' என்ற பெயருள்ள மனிதனைப் பார்த்து, 'ஏன் கேட்கிறாய்' என்கிறார். பெயர் தெரியாமல் மாறிப்போன கதையில் இப்படி ஒரு முடிவு அமையுமா?

இன்னும் ஓர் இழை இருக்கிறது. இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா உரையாசிரியர்களும் இதற்கு எடை கொடுப்பதில்லை. பாதாளத்துக்கு எபிரெயத்தில் 'ஷெஓல்'. எபிரெய வேதத்துக்கு உயிர்க்குறிகளை அமைத்தவர்கள் கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் வந்த அறிஞர்கள். அதற்கு முன் மெய்யெழுத்துகளில் மட்டும் எழுதியபோது, சவுலும் பாதாளமும் அதே நான்கு எழுத்துகள்தான். அன்னாளின் பாட்டில், கர்த்தர் 'பாதாளத்தில் இறங்கவும் அதிலிருந்து ஏறவும் பண்ணுகிறவர்' என்று வருகிறது (2:6). எந்தோரில் பாதாளம் என்ற சொல் இல்லை. ஆனாலும் ஏறிவரப் பண்ணு என்ற அதே வினை அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. நாளாகமம் எழுதியவர் சவுலின் சாவுக்குக் காரணம் சொல்லும்போது, அஞ்சனம் பார்க்கிறவளிடம் 'கேட்க'ப் போனதைக் குறிப்பிடுகிறார் (1 நாளாகமம் 10:13). அந்தக் 'கேட்க' என்ற சொல்லிலும், முன்னொட்டை நீக்கினால், அதே நான்கு எழுத்துகள். மூன்று சொற்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதை அந்தக் காலத்து வாசகன் கண்ணால் பார்த்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதியவர் எவ்வளவு தூரம் நினைத்து எழுதினார் என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

மூன்றாவது பொருளான 'நாமம்' வேதத்தில் தெளிவாகத் தெரியும் இடம் சங்கீதம் 99:6. மோசேயையும் ஆரோனையும் ஆசாரியரில் சேர்க்கும் அந்த வசனம், சாமுவேலை 'அவர் நாமத்தைப் பற்றிக் கூப்பிடுகிறவர்களில்' சேர்க்கிறது. எபிரெயத்தில் 'ஷெமூஎல்', அடுத்து 'ஷெமோ', அவர் நாமம். பெயரையும் அதன் பொருளையும் சங்கீதக்காரர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். வசனம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: அவர்கள் கூப்பிட்டார்கள், அவர் பதில் அருளினார்.

அன்னாளின் விளக்கத்தையும் பழைய வாசகர்கள் மறக்கவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் எழுதிய பென் சீரா (கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் சீராக்கின் ஞானம்), முன்னோர்களைப் புகழும் பகுதியில் சாமுவேலுக்கு வரும்போது 'தாயின் வயிற்றிலிருந்தே கேட்கப்பட்டவர்' என்கிறார் (46:13). அந்த நூலின் எபிரெய மூலம் பல நூற்றாண்டுகள் கையில் இல்லாமல் இருந்தது. 1896 முதல் கெய்ரோ ஜெப ஆலயத்துப் பழைய ஏட்டுக் கிடங்கிலிருந்து அதன் பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அதில் அந்தச் சொல் 'மெஷுஆல்'. சாமுவேல் என்ற பெயரின் அதே ஐந்து எழுத்துகள், முதலிரண்டு மட்டும் இடம் மாறி நிற்கின்றன. சவுலின் பெயரைக் கலக்காமல், சாமுவேலின் எழுத்துகளைக் கொண்டே 'கேட்கப்பட்டவர்' என்ற சொல்லை அவர் அமைத்துக்கொண்டார். அன்னாளின் விளக்கம் இந்தப் பெயருக்குப் பொருந்துமா என்ற உங்கள் கேள்விக்கு, 2,200 வருடங்களுக்கு முன்பே ஒரு யூதர் தந்த பதில் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

எபிரெயத்தில் 'ஷ' என்று தொடங்குவது நம்மிடம் ஏன் 'சா' ஆனது என்றும் கேட்டிருந்தீர்கள். கிரேக்கத்தில் 'ஷ்' ஒலி இல்லை. பழைய ஏற்பாடு கிரேக்கத்துக்குப் போனபோது ஷெமூஎல் 'சமூஏல்' ஆனது, ஷாஉல் 'சவூல்' ஆனது. ஐரோப்பிய மொழிகள் வழியாக அந்த 'ச' நம்மிடமும் வந்து சேர்ந்தது. பேரனைச் சாமுவேல் என்றே கூப்பிடுங்கள். அதைத் திருத்தத் தேவையில்லை.

அழைப்பிதழ் விஷயத்துக்கு வருகிறேன். பெயருக்குக் கீழே ஒற்றை வரியில் பொருள் போட்டே ஆக வேண்டும் என்றால், 'தேவனுடைய நாமம்' என்று போடுங்கள். எபிரெயம் தெரிந்த யாரும் அதில் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னைக் கேட்டால், பொருளே போட வேண்டாம். அதே இடத்தில் 1 சாமுவேல் 1:27-ஐ அச்சிடுங்கள். 'இந்தப் பிள்ளைக்காக விண்ணப்பம்பண்ணினேன்' என்று தொடங்கும் வசனம். அதில் 'ஷாஅல்' இரண்டு முறை இருக்கிறது, பெயருக்கு அன்னாள் சொன்ன காரணம் முழுவதும் இருக்கிறது, இத்தனை வருடம் உங்கள் மகள் சொல்ல நினைத்ததும் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் வசனத்தை உங்கள் வீட்டு வேதாகமத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு சொற்கள் மாறியிருக்கும்.